அப்பாவின் இரண்டு கவாத்து

போன இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். மூன்று ஏக்கர் காப்பி. நிழல் மரம் கவாத்து செய்ய ஆள் கிடைக்கவில்லை. மரம் அறுக்கும் மெஷின் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். 'வாங்கலாம். எடை குறைந்ததாகப் பார்த்து வாங்குங்கள், ஓட்டத் தெரிந்தவரிடம் பழகிக்கொள்ளுங்கள்' என்று நான்கு வரி எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் மனசு உறுத்த ஆரம்பித்தது. இதே பதிலை 2013-ல் ஒரு விவசாயிக்குச் சொல்லிவிட்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தொடையில் 22 தையலோடு சேலத்தில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தவன் நான். அந்த நான்கு வரியில் விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

எங்களுக்கும் நாகலூர் பக்கம் இரண்டு ஏக்கர் காப்பி இருக்கிறது. தாத்தா வைத்தது. சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது 1820-களில், காக்பர்ன் என்பவர் சேலம் கலெக்டராக இருந்த காலத்தில். பெரிய எஸ்டேட்டுகளுக்கு நடுவே எங்களைப் போல ஒன்று, இரண்டு ஏக்கர்காரர்களும் இந்த மலையில் நிறையப் பேர் உண்டு. எல்லோரிடமும் இருப்பது அரபிகா ரகம். அதற்கு நிழல் வேண்டும். அதனால் சில்வர் ஓக் நட்டு, அதன் மேல் மிளகுக்கொடியை ஏற்றியிருப்போம். கோடை மழை விழுந்து மண் நனைந்ததும், மே, ஜூனில் அந்த மரங்களின் கிளைகளைக் கழிக்க வேண்டும். கழிக்காமல் விட்டால் மழைக்காலத்தில் செடிக்குள் காற்று நுழையாமல் கருப்பழுகல் வரும், காய்ப்பும் குறையும். ஆசைப்பட்டு மொட்டை அடித்தாலோ, வெயில் நேராகத் தண்டில் பட்டு வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே நின்று செய்கிற வேலைதான் கவாத்து.

எங்கள் வீட்டில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அப்பா பட்டாளத்துக்காரர். 1962 சீனப் போருக்குப் பிறகு ஆள் எடுத்தபோது, 1963-ல் பெங்களூரு போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் அந்தப் படையின் வேலை. காலையில் மைதானத்தில் வரிசையாக நின்று செய்கிற பயிற்சிக்கும் அங்கே கவாத்து என்றுதான் பெயர். 1980-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்று மலையேறி வந்தவர், "இதுவரைக்கும் ஒரு கவாத்து, இனிமே இன்னொரு கவாத்து" என்று அம்மாவிடம் சொன்னாராம்.

சண்டையைப் பற்றிக் கேட்டால் அவர் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வார். 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில், ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைக் கடந்த படையோடு இருந்தவர். டாங்கிகள் போவதற்காக இரவில் கண்ணிவெடி வயலில் பாதை திறந்தவர்களில் அவரும் ஒருவர். வேலை முடிவதற்குள் டாங்கிகள் நுழைய வேண்டியதாகிவிட்ட இரவு அது. இருபத்தொரு வயது அருண் கேத்தர்பால் தன் டாங்கியிலேயே உயிர்விட்டு பரம்வீர் சக்ரா பெற்றது அந்தச் சண்டையில்தான். இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அப்பா சொன்னது, லங்கரிலிருந்து வந்த பூரி குளிரில் விறைத்துப்போய்க் கையில் தட்டு மாதிரி நின்றது என்பதும், பையில் இருந்த ஷக்கர்பாரா மட்டும் எத்தனை நாள் ஆனாலும் கெடவில்லை என்பதும்தான்.

ஷக்கர்பாரா வேறொன்றுமில்லை. நம் கடைகளில் டைமண்ட் பிஸ்கட் என்று விற்கிறார்களே, அதன் அண்ணன். அப்பா சொல்லச் சொல்ல அம்மா தன் போக்கில் மாற்றிக்கொண்டாள். கோதுமை மாவில் கால் பங்கு ரவை, உருக்கிய நெய், ஏலக்காய், நாட்டுச் சர்க்கரை கரைத்த வெதுவெதுப்பான தண்ணீர். கெட்டியாகப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வைத்து, கனமாகத் தேய்த்துச் சாய்சதுரமாக வெட்டி, சிறு தீயில் பொறுமையாகப் பொரிக்க வேண்டும். தீ கூடினால் மேலே கறுத்து உள்ளே மாவாக இருக்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பட்டாளத்து பிஸ்கட் என்று பெயர். தீபாவளிக்குச் செய்ய மாட்டாள். மே மாதம் கவாத்து தொடங்கும் முதல் நாளுக்கு முந்தின இரவுதான் செய்வாள். தோட்டத்துக்கு வேலைக்கு வருகிற எல்லோர் மடியிலும் ஒரு பிடி போய்விடும்.

அந்த நாட்களில் மதியத்துக்கு ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும். களி கிண்டும் துடுப்பு, பிடுங்கிப் போட்ட காப்பிச் செடியின் கட்டையில் அப்பா செதுக்கியது. அடுப்புக்கும் தோட்டத்து விறகுதான். சில்வர் ஓக் கிளை குபுகுபுவென்று எரிந்து சீக்கிரம் அடங்கிவிடும். தண்ணீர் கொதிக்க வைக்க அது போதும். களி வேகிற நேரத்துக்குக் காப்பிக் கட்டை வேண்டும் என்பாள் அம்மா. இப்போது கேஸ் அடுப்பு இருக்கிறது. களிக்கு மட்டும் இன்னமும் விறகைத்தான் மூட்டுகிறோம்.

அப்போதெல்லாம் மரத்தில் ஏறுகிறவர்கள் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, கணுவில் கால் வைத்து ஏறி, அரிவாளால் கிளை கழிப்பார்கள். பெரிய கட்டைக்கு இருவர் இழுக்கும் ரம்பம். அந்தத் தலைமுறை கீழே இறங்கிவிட்டது. பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானே கோயம்புத்தூர் போய் வேளாண்மை படித்து அரசு வேலைக்கு வந்தவன்தானே. ஆள் இல்லாத இடத்துக்கு மெஷின் வந்தது.

ஜெர்மனியில் 1929-ல் வந்த பெட்ரோல் மரம் அறுக்கும் மெஷின் 46 கிலோ. தூக்க இரண்டு பேர் வேண்டும். இன்று ஐந்து, ஆறு கிலோவில் கிடைக்கிறது. ஆபத்து அங்கேதான். ஒரு கையில் தூக்க முடிகிறது என்பதால் ஒரு கையிலேயே அறுக்கிறார்கள்.

2013-ல் நான் நடத்திய செயல்விளக்கத்துக்கு 30 பேர் வந்திருந்தார்கள். பெட்ரோலும் டூ-டி ஆயிலும் கலக்கும் அளவைச் சொன்னேன். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தேன். ஒரு கட்டையை இரண்டு நிமிடத்தில் துண்டாக்கினேன். கைதட்டினார்கள். போட்டோ எடுத்து அறிக்கையில் சேர்த்தேன். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் அந்த வாரமே மெஷின் வாங்கிவிட்டார். மூன்றாவது வாரம், கீழே விழுந்து கிடந்த கிளையை அறுத்துக்கொண்டிருந்தார். வலது கையில் மெஷின், இடது கையில் கிளை, இடுப்பில் லுங்கி. கிளை துண்டானதும் மெஷின் தன் எடையில் கீழே வந்தது. சங்கிலி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இடது தொடை. துண்டை இறுக்கிக் கட்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலம் போய்ச் சேரும் வரை அவர் அண்ணன் காயத்தை அழுத்திய கையை எடுக்கவே இல்லை.

நான் போய்ப் பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "சார், ஸ்டார்ட் பண்றதைக் காட்டினீங்க. நிறுத்துறதைக் காட்டலீங்களே." அவர் அம்மா ஒன்றும் பேசவில்லை. பிளாஸ்கிலிருந்து எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அதைக் குடித்த மாதிரி ஒரு காப்பியை நான் எப்போதும் குடித்ததில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது 69 வயது. திட்டுவார் என்று நினைத்தேன். "பட்டாளத்துல முதல் நாளே துப்பாக்கியைக் கொடுத்துச் சுடுன்னு சொல்ல மாட்டான் கண்ணு. கழட்டு, துடை, மாட்டு, கீழே வை. இதைத்தான் சொல்லித் தருவான்" என்றார். அடுத்த வாரம் அந்தத் தம்பியின் அண்ணனையும் இன்னும் நான்கு பையன்களையும் எங்கள் களத்துக்கு வரச் சொன்னார். என்னையும் வரிசையில் நிற்க வைத்தார். எனக்கு 43 வயது, கையில் அரசு முத்திரை வைத்த டைரி.

மூன்று நாள் மெஷினை ஸ்டார்ட் செய்யவே விடவில்லை. முதல் நாள் முழுக்க எடு, பிடி, கீழே வை. இடது கைக் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி வளைத்திருக்க வேண்டும்; மேலே சும்மா வைத்திருந்தால் முதுகில் ஒரு தட்டு. முன்கைப்பிடிக்கு எதிரே இருக்கும் தகட்டை முன்னே தள்ளினால் சங்கிலி பூட்டிக்கொள்ளும். அதுதான் பிரேக். இரண்டடி நகர்வதானாலும் பிரேக் போட்டுத்தான் நகர வேண்டும். ஸ்டார்ட் செய்வது தரையில் வைத்துத்தான்: பிரேக் போட்டு, பின்கைப்பிடிக்குள் வலது கால் நுனி, முன்கைப்பிடியில் இடது கை. ஸ்டார்ட் ஆகி, பிரேக்கை எடுத்து, விசையை விட்டால் என்ஜின் ஓட வேண்டும், சங்கிலி அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் அன்றைக்கு வேலை கிடையாது, மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

இரண்டாம் நாள் பிளேடு நுனி. நுனியின் மேல் பாதி எதிலாவது பட்டால் மெஷின் கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கி எழும்பும். அறுக்கும் கட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நுனியை விடக் கூடாது என்பதற்கு அப்பா கண்ணிவெடியைத்தான் உதாரணம் சொன்னார். தேடும் கம்பியைச் சாய்வாகக் குத்த வேண்டுமாம். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் இடிக்கும், சாய்த்தால் பக்கவாட்டில் தட்டுப்படும். "அவசரப்பட்டவன் நேராக் குத்துவான்" என்றார். பசந்தர் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட நீளமான பேச்சு அதுதான்.

மூன்றாம் நாள் கிழிந்த வேட்டியை நாடாவாகக் கிழித்து, கிளை விழும் இடத்தைச் சுற்றிக் கட்டினார். படையில் பத்திரமான பாதைக்கு வெள்ளை நாடா கட்டுவார்களாம். நாடாவுக்குள் மெஷின்காரரைத் தவிர யாரும் கூடாது. மெஷின் சத்தத்தில் கூப்பிட்டால் காதில் விழாது என்று ஒரு விசிலை உதவியாள் கழுத்தில் மாட்டினார். ஒன்று அடித்தால் தொடங்கு, இரண்டு அடித்தால் நிறுத்து, நீளமாக அடித்தால் ஓடு. ஓடும் வழியை அறுப்பதற்கு முன்னாலேயே செதுக்கி வைக்க வேண்டும். காப்பிச் செடி கால் தட்டுகிற இடத்தில் நின்றுகொண்டு மரம் அறுப்பவன் மடையன் என்பார்.

எங்கள் அனுபவத்தில் சேர்ந்தவையும் சில உண்டு. மெஷினோடு ஏணியில் ஏறாதீர்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள். எட்டுகிற கிளைகளுக்குத் தரையில் நின்றே நீளக் கம்பு ரம்பம் போதும். உயரத்துக் கிளைக்குக் கயிறு கட்டி ஏறத் தெரிந்தவர் வர வேண்டும், அவருக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள். விழுந்து வளைந்து கிடக்கும் கிளை வில் மாதிரி. உள்வளைவில் முதலில் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு வெளிவளைவில் அறுங்கள். மாற்றிச் செய்தால் ஒன்று பிளேடு மாட்டிக்கொள்ளும், இல்லை கிளை முகத்தில் அடிக்கும். லுங்கியும் தோள் துண்டும் வேண்டாம்; கனமான பேன்ட், பூட்ஸ், கண்ணாடி, காதுக்கு அடைப்பான். பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் செயின் ஆயிலும் ஊற்றுங்கள்; பழைய என்ஜின் ஆயிலை ஊற்றி மிச்சம் பிடிக்க வேண்டாம். மரத்தூள் துருவலாக விழாமல் மாவாக விழுந்தால் சங்கிலி மொட்டை என்று அர்த்தம். மொட்டைச் சங்கிலியைத்தான் மனிதன் அழுத்துவான், அழுத்துகிற கைதான் வழுக்கும். மலைப்பகுதிக்கென்று 1955-லேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சொந்த நிலத்து மரமானாலும் அறுக்கும் முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அந்தத் தம்பிக்கு நடையில் லேசான சாய்வு தங்கிவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் கவாத்துக் குழுவை இப்போது நடத்துவது அவர்தான். போன மே மாதம் என் மகன் லீவில் வந்து மெஷினைத் தூக்கியபோது, அவர் முதலில் கேட்டது விசில் எங்கே என்று. அது மெஷின் மாட்டும் ஆணியிலேயே தொங்கியது. பிறகு பையனை வரிசையில் நிற்க வைத்து, எடு, பிடி, கீழே வை என்று ஆரம்பித்தார். குரல் அப்படியே அப்பா.

கடிதம் எழுதிய அன்பருக்கு: மெஷினுக்குப் பணம் கட்டும் முன் மே முதல் வாரம் நாகலூர் பக்கம் வாருங்கள். என் மனைவி இந்த வருடமும் ஒரு டப்பா பட்டாளத்து பிஸ்கட் போடுவாள். மூன்று நாள் தங்குகிற மாதிரி வர வேண்டும். முதல் நாள் ஸ்டார்ட் செய்ய விட மாட்டோம்.