மரிக்காரின் குரலும் தெல்தெனியவின் செவியும்

இலங்கைத் தமிழ் வானொலியின் நகைச்சுவை மரபை ஆராயப் புகும் எவரும் எஸ். ராம்தாஸ் என்ற கலைஞரைத் தாண்டிச் செல்ல இயலாது. ஆயினும் அந்தப் பெயரை மட்டும் சொன்னால் அடையாளம் காண்போர் சிலரே, 'மரிக்கார்' என்பதை முன்னே சேர்த்துச் சொன்னால் ஒரு தலைமுறை முழுவதும் நிமிர்ந்து பார்க்கும். எழுத்தாளராகவும் நடிகராகவும் விளங்கிய ராம்தாஸ், தாம் எழுதிய ஒரு பாத்திரத்திடம் தம் பெயரையே பறிகொடுத்தவர். 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற வானொலித் தொடரில் அவர் ஏற்ற முஸ்லிம் பாத்திரத்தின் பெயரே மரிக்கார். 2016ஆம் ஆண்டு அவர் சென்னையில் காலமானபோதும் மரிக்கார் ராம்தாஸ் என்றே தமிழர் அவரை நினைவுகூர்ந்தனர். முகம் காட்டாமல் குரலால் மட்டும் நடிக்கும் கலைஞனுக்கு இதைவிடப் பெரிய விருது இருக்க முடியுமா என்பது ஐயமே.

அந்தத் தொடருக்கு முன்னரே ஒரு மரபு உருவாகியிருந்தது. 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய ஒலிபரப்பு, இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியக் கூட்டுப் படைகள் நிறுவிய ஆற்றல் மிக்க நிலையத்தைப் போருக்குப் பின் சுவீகரித்து, 'ரேடியோ சிலோன்' என்ற பெயரில் உபகண்டம் எங்கும் கேட்கும் நிலையமாக வளர்ந்தது. 1967 ஜனவரியில் இந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாயிற்று. 'சானா' என்று அறியப்பட்ட சண்முகநாதன் நாடகப் பகுதியைக் கவனித்த காலத்தில், இலங்கையர்கோன் எழுதிய 'லண்டன் கந்தையா', 'விதானையார் வீட்டில்' போன்ற தொடர்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சு மொழியை ஒலிவாங்கியின் முன் துணிந்து நிறுத்தின. செந்தமிழில் பேசினால்தான் நாடகம் என்றிருந்த நம்பிக்கை அங்கே உடைந்தது. ஆனால் அத்தொடர்களில் சிரித்தவர்களும் சிரிப்புக்கு இலக்கானவர்களும் பெரும்பாலும் ஒரே வட்டாரத்தார். வீட்டுக்குள் நடந்த சிரிப்பு அது.

1970களில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்' அந்த வீட்டின் கதவைத் திறந்து தெருவுக்கு வந்தது. அதில் நான்கு பாத்திரங்கள் முதன்மையானவை. முஸ்லிமான மரிக்காராக ராம்தாஸும், யாழ்ப்பாணத்தவரான அப்புக்குட்டியாக ரி. ராஜகோபாலும், சிங்களவரான உபாலியாக எஸ். செல்வசேகரனும், ஐயராக பி. எச். அப்துல் ஹமீதும் குரல் கொடுத்தனர். இந்தப் பங்கீட்டைச் சற்று நின்று நோக்க வேண்டும். முஸ்லிமின் பேச்சை முஸ்லிம் அல்லாத ஒருவர் பேசினார். சிங்களவரின் தமிழைத் தமிழர் ஒருவர் பேசினார். ஐயரின் பேச்சை ஒரு முஸ்லிம் பேசினார். மேடையாயின் பூணூலும் தொப்பியும் உடுப்பும் சேர்ந்து இந்த மாற்றத்தை வெறும் வேடமாக்கியிருக்கும். வானொலியில் குரலைத் தவிர வேறொன்றும் இல்லாததால், நடிகன் மற்றவரின் மூச்சு எங்கே நிற்கிறது, சொல் எங்கே நீள்கிறது, எந்த இடத்தில் கோபம் ஏறுகிறது என்பதையெல்லாம் உள்வாங்கினாலன்றிப் பாத்திரம் பிறக்காது. அயலவரைப் பல ஆண்டுகள் காது கொடுத்துக் கேட்டவனுக்கே இந்த நடிப்பு வாய்க்கும்.

நகைச்சுவையின் கருவியாக இங்கே பயன்பட்டது வட்டார வழக்கும் சமூக வழக்கும் ஆகும். அதாவது ஒரே மொழியை ஊருக்கு ஊர், சமயத்துக்குச் சமயம் வேறுபடுத்திப் பேசும் முறை. இலங்கை முஸ்லிம்களின் பேச்சில் 'இருக்கிறது' என்பது 'ஈக்கிது' எனச் சுருங்கும், 'சொல்லு' என்பது 'செல்லு' எனத் திரியும், அண்ணன் 'நானா' ஆவார். யாழ்ப்பாணத்தார் 'ஆம்' என்பதற்கு 'ஓம்' என்பர், பேசுவதைக் 'கதைப்பது' என்பர். உபாலியின் தமிழ் இவற்றினும் நுட்பமானது. பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் விகுதி மாறுவதில்லை. 'நான் போகிறேன்', 'அவர் போகிறார்' என்ற இரண்டுக்கும் அங்கே ஒரே வினைவடிவம் போதுமானது. ஆகவே தமிழ் பேச முனையும் சிங்களவர் 'நான் போறது, அவர் போறது' என எல்லோரையும் ஒரே வடிவத்தில் அனுப்பிவைப்பதும், ளகரமும் லகரமும் ஒரே ஒலியாகக் கலப்பதும் இயல்பு. இத்தகைய பேச்சைப் போலி செய்வது எளிது. அதன் இலக்கணம் பிசகாமல் பேசிக் கேட்பவரை நம்பவைப்பது அரிது. செல்வசேகரனும் இறுதிவரை உபாலி செல்வசேகரனாகவே அறியப்பட்டார் என்பது அவர் அந்த அரிதானதைச் செய்துகாட்டினார் என்பதற்குச் சான்று.

இதனைத் தெல்தெனியவில் இருந்து கேட்பது கொழும்பில் இருந்து கேட்பதினின்றும் வேறுபட்டது. கண்டியிலிருந்து குண்டசாலை, திகன வழியாக மகியங்கனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த இந்தச் சிறு நகரில், சுற்றுக் கிராமங்களின் சிங்களவரும், கடைவீதிகளில் முஸ்லிம்களும், ரங்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இறங்கிவரும் மலையகத் தமிழரும் ஒருவரோடொருவர் கொடுக்கல் வாங்கல் செய்யாமல் நாளைக் கழிக்க முடியாது. 'தாத்தா' என்று ஒரு குரல் எழுந்தால், சிங்களவருக்கு அது தந்தையாகவும், முஸ்லிம் சிலருக்கு மூத்த சகோதரியாகவும், தோட்டத் தமிழருக்குப் பாட்டனாகவும் கேட்கும் கடைவீதி இது. வானொலி எழுத்தாளர் கற்பனை செய்து ஒன்றுசேர்த்த பேச்சுகள் இங்கே ஏற்கெனவே ஒன்றுசேர்ந்திருந்தன. மின்சாரம் எட்டாத லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளருக்கெனத் தொடராகக் கட்டப்பட்ட ஓரறை வீடுகளில், மின்கலத்தால் இயங்கும் டிரான்சிஸ்டர் வானொலி ஒன்றே வெளியுலகின் குரலாக இருந்த காலம் அது.

ஆனால் கடைவீதியில் இந்த மொழிகள் சமமாகப் புழங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. தமிழும் அரசகரும மொழி என்ற அரசியலமைப்புத் திருத்தம் வர 1987 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் பொலிஸ் நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் காரியாலயத்திலும் தடுமாறித் தடுமாறிப் பிறமொழி பேசியவர் தமிழரே. அவருடைய சிங்களத்தைக் கேட்டுச் சிரித்தவர்கள் மேசைக்கு மறுபக்கம் இருந்தனர். அந்நிலையில் வானொலியைத் திருப்பினால், தமிழில் தடுமாறும் ஒரு சிங்களவர் வருகிறார். தினமும் தலைகுனிந்து நின்றவனுக்கு இந்தத் தலைகீழ் மாற்றம் தந்த சிரிப்பின் ஆழத்தைப் பெரும்பாலான நாடக வரலாறுகள் கவனிக்கவில்லை. எனினும் உபாலியைக் கேட்டுச் சிரித்தவர்கள் அவனை வெறுக்கவில்லை. தமிழை முயன்று பேசும் சிங்களவன் என்பதாலேயே அவன் நேசத்துக்குரியவனானான். பழிவாங்கலாக முடிந்திருக்கக்கூடிய ஒன்று உறவாக முடிந்தது.

மற்றவரின் குரலைப் பேசும் நகைச்சுவை எங்கும் இப்படி முடிந்ததில்லை. அமெரிக்காவில் 1928ஆம் ஆண்டு சிக்காகோவில் தொடங்கிய 'ஏமஸ் அன்ட் ஆண்டி' என்ற வானொலித் தொடரில் ஃப்ரீமன் கோஸ்டன், சார்ள்ஸ் கொரெல் என்ற இரு வெள்ளையர் கறுப்பினத்தவரின் பேச்சைப் பேசி நாடு முழுவதையும் சிரிக்கவைத்தனர். பின்னர் 1950களின் தொடக்கத்தில் கறுப்பின நடிகர்களைக் கொண்டு அது தொலைக்காட்சிக்கு வந்தபோது, கறுப்பினத்தவரின் உரிமைச் சங்கம் அதன் இழிவான சித்திரிப்பைக் கண்டித்துப் போராடியது. கோஸ்டனும் கொரெலும் செய்ததையே ராம்தாஸும் செல்வசேகரனும் செய்தனர் என்று மேலோட்டமாகக் கூறிவிடலாம். ஆனால் அமெரிக்கத் தொடரில் குரல் ஒரு திசையில் மட்டும் இரவல் வாங்கப்பட்டது. வலியவர் எளியவரைப் பேசினார், எளியவர் வலியவரைப் பேச மேடை இல்லை. இலங்கைத் தொடரில் இரவல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது, நால்வரும் கோமாளிகள் என்பதைத் தலைப்பே ஒப்புக்கொண்டது. இதனால் அதில் மிகைப்படுத்தல் இல்லை என்று ஆகிவிடாது. ஒரு சமூகத்தையே ஒரு பெயரிலும் ஒரு பேச்சிலும் அடக்கிக் காட்டுவது எவ்வளவு அன்போடு செய்யப்பட்டாலும் சுருக்கமே. கிழக்கிலங்கை முஸ்லிமின் தமிழும் கண்டி முஸ்லிமின் தமிழும் ஒன்றல்ல என்பதை ஒரு மரிக்காரால் சொல்லிவிட முடியாது.

வானொலியில் பெற்ற புகழ் 1976ஆம் ஆண்டு 'கோமாளிகள்' என்ற திரைப்படமாயிற்று. எம். முகமது தயாரித்து, எஸ். ராமநாதன் இயக்கிய அப்படத்தின் கதை வசனம் ராம்தாஸுடையது. இலங்கையில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்களுள் மக்கள் விரும்பிச் சென்று பார்த்த மிகச் சிலவற்றுள் அது ஒன்று. குரலாகவே அறிந்தவர்களின் முகம் எப்படி இருக்கும் என்ற ஆவலும் அரங்குகளை நிறைத்திருக்கும். 1978இல் ராம்தாஸின் எழுத்தில் 'ஏமாளிகள்' வந்தது. அதே ஆண்டு வெளியான 'வாடைக்காற்று' படத்தில் நடித்த கே. எஸ். பாலச்சந்திரனும் வானொலியும் மேடையும் வளர்த்த நகைச்சுவைக் கலைஞரே. பஸ் கண்டக்டர் ஒருவரின் ஓட்டத்தையும் சத்தத்தையும் ஒற்றை ஆளாகக் காட்டும் அவருடைய 'அண்ணை றைட்' என்ற தனிநடிப்பு, அவர் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த பின்னரும் அவரைத் தொடர்ந்து சென்றது. 2014இல் அவர் ரொறன்ரோவில் மறைந்தார். ஐயராகப் பேசிய அப்துல் ஹமீத், 2000ஆம் ஆண்டு வெளியான 'தெனாலி' படத்துக்காகக் கமல்ஹாசன் ஈழத்துப் பேச்சைப் பழக உதவினார். அவருடைய வானொலி நினைவுகள் 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்ற நூலாகவும் வந்துள்ளன.

இத்தனையும் சொன்ன பிறகு தெல்தெனியவில் இருந்து எழும் கேள்வி ஒன்று மிஞ்சுகிறது. முதன்மையான அந்த நான்கு கோமாளிகளுள் மலையகத் தமிழன் எங்கே? நாட்டின் ஏற்றுமதி வருவாயைத் தேயிலையால் தாங்கிய மக்களின் பேச்சு, 'பெரட்டு' (காலை ஆள்கணக்கெடுப்பு), 'கங்காணி' (வேலை மேற்பார்வையாளர்), 'தொரை' (தோட்டத் துரை) எனத் தோட்டத்தின் ஒழுங்கும் அதிகாரமும் படிந்த சொற்களோடு, வேறெங்கும் இல்லாத ஒரு நகைச்சுவையைத் தன்னுள் கொண்டது. துரையை நேரே எதிர்க்க முடியாதவர்கள் அவரைப் போலப் பேசிச் சிரித்தே காலம் தள்ளினர். 1948இல் குடியுரிமை இழந்து, 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பெருந்தொகையினர் இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த அந்த எழுபதுகளில், இவர்களை நாட்டின் நான்கு குரல்களோடு ஐந்தாவதாக எண்ணிப்பார்க்கும் பழக்கம் கொழும்பு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு இருக்கவில்லை போலும். கேலிக்கு ஆளாகாமல் தப்பினர் என்று இதனை மகிழ முடியாது. கேலி செய்யும் அளவுக்குக்கூட அறியப்படாதிருந்தனர் என்பதே உண்மை. 'கோமாளிகள்' படத்தை இயக்கிய அதே ராமநாதன், அதற்கு முந்தைய ஆண்டில் வி. பி. கணேசன் தயாரிப்பில், தெளிவத்தை ஜோசப்பின் எழுத்தில், தோட்ட மக்களைப் பற்றிய 'புதிய காற்று' படத்தை இயக்கியிருந்தார் என்பதை நோக்கும்போது, திரையில் இடம் கிடைத்தவர்க்கு வானொலிச் சிரிப்பில் இடம் கிடைக்காதது இன்னும் உறுத்துகிறது.

அந்தக் காலத்துத் தெல்தெனிய நகரமே இன்று இல்லை. 1980களின் நடுப்பகுதியில் விக்டோரியா அணையின் நீர் பழைய நகரை மூடியது. மக்கள் மேட்டு நிலத்தில் அமைந்த புதிய நகருக்குக் குடிபெயர்ந்தனர். 2018 மார்ச்சில் தெல்தெனியவிலும் திகனவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டு, நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, சமூக ஊடகங்களும் முடக்கப்பட்டன. அந்த நாட்களில் கைத்தொலைபேசிகளில் பரவிய குரல்களும் அயலவரைப் பற்றியே பேசின. ஆனால் அவற்றைப் பேசியவர்கள் அயலவரைக் கேட்டவர்களாக இல்லை. உபாலியையும் மரிக்காரையும் ஒரே ஒலிவாங்கியின் முன் நிறுத்திய ஒரு தொடர் இருந்திருந்தால் அந்தத் தீ மூண்டிராது என்று வாதிடுவது பேதைமை. கும்மாளம் ஒலித்த நாட்டில்தான் 1977இலும் 1983இலும் தமிழருக்கு எதிரான இனக்கலவரங்கள் வந்தன.

எஞ்சியிருப்பது ஆவணப் பணி. வானொலி நடிகனின் கலை எழுத்தில் நிலைப்பதில்லை. பிரதி கிடைத்தாலும் மரிக்கார் அதில் இல்லை, ஒலிநாடாவில்தான் இருக்கிறார். கண்டியிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் வீட்டுக் கசெட்டுகளில் அக்காலத்து ஒலிபரப்புகளைப் பதிந்து வைத்திருப்போர், அவை பூஞ்சணம் பிடிப்பதற்குள் நூலக நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகங்களிடம் ஒப்படைக்க வேண்டும். அவற்றோடு, ஒலிவாங்கியின் முன் ஒருபோதும் வராத தோட்டத்துக் கதைசொல்லிகளின் குரல்களையும் இன்றே பதிந்து சேர்க்க வேண்டும். அதற்கு இப்போது கைத்தொலைபேசி ஒன்றே போதும்.