உப்புக் காற்றில் ஓர் ஒலிபெருக்கி

தமிழ் விரிவுரையாளன் ஒருவன் மின்தடை, மின்தேக்கி என்று எழுதப் புகுந்தது கண்டு மாணவச் செல்வங்கள் நகைக்கக் கூடும். இயற்பியல் துறை நண்பர்கள் பிழை தேடவும் கூடும். இருதிறத்தாரும் சற்றே பொறுத்தருள்க.

எங்கள் ஊர் பெரிய முதலியார்சாவடி. கிழக்கே கடல், வடக்கே கடற்கரைச் சாலையில் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் அந்த மரக்காணமே என்பது அறிஞர் பலரது கருத்து. நெய்தல் நிலத்தின் பெருமையை வகுப்பறையில் விரித்துரைப்பது எளிது. அந்நிலத்தின் காற்றில் ஒரு செம்புக் கம்பியைப் பச்சை படராமல் காப்பது கடினம். எங்கள் அத்தா தம் வாழ்நாளில் பாதியை அந்தப் பச்சையோடு போராடியே கழித்தவர்.

அத்தா மைக்செட் தொழில் செய்தவர். திருமணமோ, மீலாது விழாவோ, அம்மன் கோயில் கூழ் ஊற்றும் விழாவோ, கோட்டக்குப்பம் வரையில் அவருடைய கூம்புக் குழாய்கள் தென்னை மரங்களில் ஏறின. 2என் 3055 என்னும் டிரான்சிஸ்டர்கள், இரும்புத் தொப்பி அணிந்தாற்போல, அவருடைய பெட்டியின் முதுகில் வரிசையாய் அமர்ந்திருக்கும். நாகூர் இ. எம். ஹனிபா (1925–2015) அவர்களின் குரலை நான் முதன்முதலில் கேட்டது அந்தப் பெட்டியின் வழியேதான். தொழிலை நான் தொடர வேண்டும் என்பது அவர் விருப்பம். நானோ எம்.ஏ., எம்.ஃபில். என்று தமிழின் பின்னே போனேன். அவர் தடுக்கவில்லை, ஆனால் அன்றுமுதல் தம் தொழிலைப் பற்றி என்னிடம் ஒரு சொல்லும் பேசியதில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேல் எங்களிடையே அந்த ஒரு கதவு மட்டும் சாத்தியே கிடந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தரையில் இருந்த அத்தாவின் பெட்டி மழைநீரில் மூழ்கிற்று. பழுது பார்க்கலாமா என்றேன். "அதோட காலம் முடிஞ்சிடுச்சு, விடு" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தார். கேசட்டுகள் பரண் மேல் இருந்தமையால் பிழைத்தன. கேட்கத்தான் கருவியில்லை.

நானே ஒன்று செய்வதென்று துணிந்தேன். சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று டி.டி.ஏ. 2030 என்னும் ஐந்து கால் சில்லு ஒன்றும், 12-0-12 மின்மாற்றி ஒன்றும், 4700 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கிகள் இரண்டும் வாங்கி வந்தேன். மின்மாற்றியின் 12 வோல்ட், டையோடுகளைக் கடந்து மின்தேக்கியில் நிறையும்போது ஏறத்தாழ 16 வோல்ட் ஆகிவிடும். மாறுமின்னோட்டத்தின் உச்சம் அதன் சராசரி இருமடிமூல மதிப்பைப்போல் 1.4 மடங்கு என்பதே காரணம். இச்சில்லு தாங்குவது இருபுறமும் 18 வோல்ட் வரைதான். கயிற்றின் மேல் நடப்பது போன்ற கணக்கு அது.

சிறு வயதில் அத்தா செய்யக் கண்ட ஒன்று நினைவுக்கு வந்தது. புதிய பெட்டிக்கு அவர் ஒருபோதும் நேராக மின்சாரம் கொடுத்ததில்லை. இடையில் ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைப்பார். எல்லாம் செம்மையாய் இருந்தால் பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிடும். உள்ளே எங்கேனும் குறுக்குச் சுற்று இருந்தால் முழு ஒளியுடன் எரியும், பெட்டி தப்பும். நானும் அவ்வாறே 60 வாட் பல்பு ஒன்றை இணைத்துச் சுவிட்சைத் தட்டினேன்.

பல்பு பளீரென்று எரிந்தது. எரிந்துகொண்டே இருந்தது.

அணைத்தேன். கம்பிகளை ஒவ்வொன்றாய்ச் சரிபார்த்தேன். பிழை எதுவும் தென்படவில்லை. மறுபடி தட்டினேன், மறுபடியும் அதே ஒளி. அறையின் வெளிச்சம் திண்ணைவரை பரவியிருக்க வேண்டும். வாசற்படியில் அத்தா நின்றார்.

"மைக்கா வச்சியாப்பா?"

வைக்கவில்லை. அந்தச் சில்லின் முதுகுத் தகடு எதிர்மின் முனையோடு இணைந்தது. அதை அலுமினியத் தகட்டில் நேரே முடுக்கி, அத்தகட்டைப் பெட்டியோடு சேர்த்திருந்தேன். பெட்டியோ சுழிய வோல்ட். இடையில் ஒரு மைக்காத் தாளும் திருகாணிக்கு ஒரு காப்பு வளையமும் இருந்திருக்க வேண்டும். அத்தா தம் தகரப் பெட்டியிலிருந்து இரண்டையும் எடுத்து வந்தார். அவை இன்னும் அங்கே இருந்தன என்பதே எனக்கு வியப்பு.

இம்முறை பல்பு மின்னி மங்கிற்று. ஒலிபெருக்கியை இணைக்குமுன் வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் உள்ளதா என்று பார்க்கச் சொன்னார்: 12 மில்லி வோல்ட், கவலையில்லை. பல்பை நீக்கி, 8 ஓம் கம்பிச்சுருள் மின்தடையைச் சுமையாக வைத்துக் கைப்பேசியிலிருந்து 200 சுழற்சி ஒலியைக் கொடுத்தோம். அளவி 8 வோல்ட் காட்டிற்று. எட்டை எட்டால் பெருக்கி எட்டால் வகுத்தால் 8 வாட். கணக்கை அத்தாவே வாய்விட்டுச் சொன்னார். வெப்பத் தகட்டில் விரல் வைத்து ஐந்து எண்ணினார். "தாங்கும்" என்றார்.

உண்மையான ஒலிபெருக்கியை மாட்டியபோது 'ம்ம்ம்' என்னும் இரைச்சல் எழுந்தது. பெருக்குதல் என்னும் வினைக்குத் தமிழில் மிகுவிப்பது, கூட்டித் துடைப்பது என இரு பொருள் உண்டு; என் பெட்டி முதலாவதை மட்டுமே அறிந்திருந்தது. புவிக் கம்பிகள் அனைத்தையும் மின்தேக்கிகளின் நடுவே ஒரே புள்ளியில் கொண்டு சேர்த்த பின்னரே இரைச்சல் அடங்கிற்று. அந்த ஒரு வேலைக்கு இரண்டு மாலைகள் ஆயின.

பின் ஹனிபா அவர்களின் கேசட். நான் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். அத்தாவின் முகம் மலரவில்லை. "சத்தம் வருது, சொல்லு வரலை" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. முதுமையில் செவி முதலில் இழப்பது உச்ச ஒலிகளை. உயிரெழுத்தின் வலிமை தாழ்ந்த ஒலிகளில் நிற்பது. சகரமும் தகரமும் தெளிவது உச்ச ஒலிகளில். எழுத்திலக்கணம் கற்பிக்கும் எனக்கு, வீட்டில் ஒருவர் உயிரைக் கேட்டு மெய்யை இழந்துகொண்டிருந்தது இத்தனை நாள் தெரியவில்லை.

"உள்ளே வர்ற கண்டன்சரைச் சின்னதாப் போடு. கூம்புக் குழாய்க்கெல்லாம் பேஸைக் குறைச்சுத்தான் விடுவோம்" என்றார். ஒரு மைக்ரோ ஃபாரட்டை எடுத்துவிட்டு 0.022 வைத்தேன். உள்ளீட்டு மின்தடை 22 கிலோ ஓம் ஆதலால், ஏறத்தாழ 330 சுழற்சிக்குக் கீழுள்ளவை தணிந்தன. என் காதுக்குக் குரல் சற்று மெலிந்து தகரம்போல் ஒலித்தது. அத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். பாடல் முடியும்வரை உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"கம்பிக்கெல்லாம் வார்னிஷ் அடிச்சிடு, உப்புக் காத்து. இப்ப அடுத்த பக்கத்தைத் திருப்பிப் போடு" என்றார்.