சின்னத்துரைக்கு எதை ஊற்றுவது?

தோட்டத்தில் துரை வேலை பழகக் கிரீப்பராக வருகிற பிள்ளைக்குத் தேயிலையைப் பழக்கப் பெரிய துரை இருக்கிறார். செக்ரோல் பார்க்கப் பெரிய கிளாக்கர் சொல்லிக்கொடுப்பார். விஸ்கியைப் பழக்குவது பாரில் நிற்கிற எங்களைப் போன்றவர்கள். இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துத் துரைமார் கிளப்பில் மாலையானால் மழை பிடித்துக்கொள்ளும். மூத்தவர்கள் வழக்கமானதைக் கேட்பார்கள். புதுப் பிள்ளையும் "எனக்கும் விஸ்கி" என்பான். "எது சேர்?" என்றால், பக்கத்துக் கதிரைக்காரர் கையில் இருப்பதைக் கண்ணால் காட்டுவான். காட்டியதை அப்படியே ஊற்றிக் கொடுக்கிறவன் நல்ல பார்காரன் இல்லை என்பது என் கட்சி. ருசி தெரியாதவனால் தெரிந்தெடுக்க முடியாது. அவனுக்காக இன்னொருவர்தான் தெரிந்தெடுக்க வேண்டும்.

நான் இரண்டு விஷயம் கேட்பேன். தேத்தண்ணி எப்படிக் குடிப்பீர்கள்? சாராயம் குடித்துப் பழக்கமா?

சப்ரகமுவத் தேயிலை பெரும்பாலும் 600 மீட்டருக்குக் கீழே விளைவது. கறுத்த சாயம், கனத்த ருசி. அதைச் சீனி போடாமல் வெறுந்தேத்தண்ணியாகக் குடிக்கிறவனுடைய நாக்குத் துவர்ப்புக்குப் பயப்படாது. ஷெரி வைன் இருந்த பீப்பாயில் கிடந்த விஸ்கியை அவனுக்கு முதல் நாளே கொடுக்கலாம். அதன் அடியில் கித்துல் பாணியின் கருகிய இனிப்பு மாதிரி ஒன்று வரும். கேகாலைப் பிள்ளை என்றால் அதை உடனே பிடித்துக்கொள்வான். பால் தேத்தண்ணியில் இரண்டு கரண்டி சீனி போடுகிறவனுக்கு அமெரிக்க பேர்பன் பீப்பாயில் வளர்ந்த சாதுவான மோல்ட் நல்லது. வனிலா வாசம், லேசான பழம். கிளென்லிவெட் 12, கிளென்பிடிக் 12 இரண்டும் பெரும்பாலும் இந்த வகை. அதையும்விட இளகியது வேண்டுமென்றால் மூன்று முறை வடித்த அயர்லாந்து ஜேம்சன் இருக்கிறது.

சாராயக் கேள்விக்குக் காரணம் வேறு. நமது சாராயம் தென்னங்கள்ளை வடித்து, ஹல்மில்லை மரப் பீப்பாயில் போட்டு வைப்பது. அதை நம் ஆட்கள் பெரும்பாலும் ஜின்ஜர் பியரோ கோலாவோ கலந்துதான் குடிக்கிறார்கள். அப்படிப் பழகியவன் விஸ்கியையும் ஒரே மடக்கில் இறக்கிவிட்டு, "நெஞ்சு எரியுது, இதுக்கா இவ்வளவு காசு?" என்பான். எரிவது விஸ்கியின் குற்றம் இல்லை, மடக்கின் குற்றம். அவனுக்கு 25 மில்லிக்கு மேல் ஊற்றுவதில்லை. கிளாசில் கொஞ்சமாக இருந்தால் மனிதன் தானாகவே மெதுவாகக் குடிக்கிறான்.

எங்கள் பக்கத்தில் முதல் விஸ்கி என்றாலே மேசைக்கு வருவது ஜோனி வோக்கர் கறுப்பு லேபல். மதிப்பான போத்தல், விருந்துக்குப் பெருமை. பன்னிரண்டு வருடத்துக்குக் குறையாத மோல்ட்டும் தானிய விஸ்கியும் கலந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதில் புகை இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் சில இடங்களில் முளைவிட்ட வாற்கோதுமையைக் காயவைக்க, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த பீட் என்கிற கரிமண்ணை எரிப்பார்கள். அந்தப் புகை தானியத்தில் ஏறி, போத்தல் வரைக்கும் வருகிறது. கறுப்பு லேபலில் அது அளவோடு இருக்கும், சோடா ஊற்றினால் சமாளிக்கலாம். ஐலா தீவின் லப்ரோய்க், ஆர்ட்பெக் மாதிரி ஆட்களை முதல் நாள் இறக்கினால் ஆஸ்பத்திரி வாசம் என்று கிளாசைத் தள்ளிவிடுவார்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு கண்டிருக்கிறேன். யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் இரப்பர் மலைகளில் வேலை பழகுகிற பிள்ளைகள். ஷீட் காயப்போடுகிற புகைவீட்டுக்குள் போய்வந்து, உடுப்பிலும் தலைமயிரிலும் அந்த வாசத்தோடு கிளப்புக்கு வருகிறவர்கள். அவர்களில் சிலர் லப்ரோய்க்கை முகர்ந்ததும் சிரித்துவிடுவார்கள், பழகிய வாசம். மூக்கு பயப்படாத இடத்தில் நாக்கும் பயப்படுவதில்லை.

அடுத்தது தண்ணீர். விஸ்கியைத் தண்ணீர் சேர்க்காமல்தான் குடிக்க வேண்டும் என்று பெரிய மனிதர்கள் சொல்வது குளிர்நாட்டு அறையை நினைத்துச் சொல்வது. இரத்தினபுரியில் இரவு ஏழு மணிக்கும் முதுகு வியர்க்கிறது. அந்தச் சூட்டில் கிளாசிலிருந்து முதலில் எழும்புவது மதுசாரம்தான். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் கண் எரியும், பின்னால் நிற்கிற வாசம் எதுவும் தெரியாது. ஐஸை நிரப்பினால் எரிச்சல் போகும், வாசமும் சேர்ந்து போகும். எனவே நான் ஊற்றுவது குளிர்ந்த தண்ணீர், விஸ்கியில் பாதி அளவு. நாற்பது வீதம் இருந்த மதுசாரம் இருபத்தேழு வீதத்துக்கு இறங்கிவிடும். ஸ்கொட்லாந்தில் விஸ்கி கலக்கிற தொழில்காரர்களே முகர்ந்து பார்க்கும்போது மதுசாரம் இருபது வீதத்துக்கு இறங்கும் வரை தண்ணீர் சேர்க்கிறார்கள். 2017இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் இதைக் கணினியில் ஆராய்ந்தார்கள். புகை வாசத்துக்குக் காரணமான குவாயக்கோல், தண்ணீர் சேரும்போது விஸ்கியின் மேற்பரப்புக்கு வருகிறது என்று கண்டார்கள். தண்ணீர் விஸ்கியைக் கெடுக்கிறது என்கிற துரைமாருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். நம்பியவர் குறைவு.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதுப் பிள்ளைகள் போத்தலில் முதலில் வாசிப்பது அந்த எண்ணைத்தான். ஸ்கொட்ச் என்று பெயர் வைக்க ஓக் பீப்பாயில் மூன்று வருடமாவது கிடந்திருக்க வேண்டும். லேபலில் உள்ள எண் அதற்குள் இருக்கிறவற்றில் ஆக இளையதன் வயது. பதினெட்டு என்றால் நல்லது, பன்னிரண்டு என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. வெப்பமான ஊரில் மரம் வேகமாக வேலை செய்கிறது. ஸ்கொட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு இரண்டு வீதமளவில் ஆவியாகிப் போகிறது. பெங்களூரில் அது பத்து வீதத்தைத் தாண்டும். அங்கே செய்கிற அம்ருத் சிங்கிள் மோல்ட் 2004இல் கிளாஸ்கோவிலேயே போய் விற்பனைக்கு இறங்கியது. அதைப் பெங்களூரில் பதினெட்டு வருடம் வைத்திருந்தால் பீப்பாயில் மரம்தான் மிஞ்சும்.

போத்தலில் எண் பார்த்துத் தெரிந்தெடுக்க அப்பா காலத்தில் வழியில்லை. அவர் துரை பங்களாவில் அப்புவாக இருந்தவர். 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. வெளிநாட்டுப் போத்தல் கிடைப்பது அபூர்வம். அந்த வருடங்களிலேயே, 1972இலும் 75இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. வெள்ளைக்காரத் துரைமார் புறப்பட்டுவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன பழக்கம் மட்டும் சைட்போர்ட்டில் தங்கிவிட்டது. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்த ஜேம்ஸ் டெய்லரின் ஊர் ஸ்கொட்லாந்தின் ஒக்கன்பிளே. அதற்குப் பக்கத்து ஊரான பெட்டர்கெயர்னில் 1824இல் தொடங்கிய விஸ்கி வடிசாலை இன்னும் ஓடுகிறது. தேயிலையும் விஸ்கியும் நமக்கு ஒரே வட்டாரத்திலிருந்து வந்தவை என்று துரைமாரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார்கள்.

அவ்வளவு சந்தோஷப்படாத விஷயம், அந்த நாட்டிலும் விஸ்கி ஒரு காலம் கசிப்புதான் என்பது. 1823இல் சட்டத்தை இளக்கி அனுமதிக் கட்டணத்தைக் குறைத்த பிறகே கிளென்லிவெட்காரர் அடுத்த வருடம் லைசென்ஸ் எடுத்தார். எங்கள் லயங்களில் கசிப்பு செய்த நாசத்தைக் கண்ட எனக்கு, கிளப் மேசையில் அதைக் கேலியாகப் பேசுவது பிடிக்காது. தகப்பனைக் குடியில் இழந்த பிள்ளைகள் சின்னத்துரைகளிலும் உண்டு. அவர்களுக்கு விஸ்கி கிளாசிலேயே ஜின்ஜர் பியர் போகும். மேசையில் யாருக்கும் தெரியாது, நானும் ஏன் என்று கேட்பதில்லை. இருபத்தொரு வயதாகாதவனுக்கு ஊற்றுவதே இல்லை, அது சட்டம். பெண்கள் மதுபானம் வாங்கத் தடை போட்ட சட்டமும் ஒன்று இருந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் அதை நீக்கினார், சில நாட்களில் ஜனாதிபதி திருப்பிக் கொண்டுவந்தார். விஸ்கியைப் பொறுமையாக முகர்ந்து, சரியான கேள்வி கேட்டவர்களில் பாதிப்பேர் விருந்துக்கு வந்த பெண்கள் என்பதால் எனக்கு அந்தக் கூத்து வேடிக்கையாக இருந்தது.

கடைசியாக, பைட். டெவல் கோழியும் மிளகாய் போட்ட கடலையும் வருவதற்கு முன்னாலேயே முதல் கிளாசைக் கையில் கொடுத்துவிடுவேன். சமையற்கட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது, இருபது நிமிடம் பிந்தி அனுப்பச் சொல்லி. டெவல் கோழி வந்துவிட்டால் பிறகு எதை ஊற்றினாலும் ஒன்றுதான். அப்போது சிவப்பு லேபலும் சோடாவும் போதும், பிள்ளையின் கிளப் பில்லும் குறையும்.