நிழற்படமும் நெடும்பயணமும்

திருவிழாவும் சந்தையும் காணச் செல்வோர் இக்காலத்தில் கையடக்கமான கருவியொன்றை உடன்கொண்டு செல்கின்றனர். பாங்காக்கின் ஆற்றங்கரையிலும், பீக்கிங் நகரின் அரண்மனை வாயிலிலும், ஆங்காங்கின் அங்காடித் தெருவிலும் நாள்தோறும் எண்ணிலடங்காப் படங்கள் பதிவாகின்றன. தன்னைப் படம் எடுத்தவர் யாரென்று மீன் விற்பவள் அறியாள். அவளை ஒரு சொல் கேட்கவேண்டும் என்னும் எண்ணம் எடுத்தவர்க்கும் பெரும்பாலும் தோன்றுவதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு செய்தல் இயலாது. எதிரில் நிற்பவர் அசையாமல் நின்றாலன்றி அக்காலக் கருவி தெளிவான படம் தாராது. அசையாமல் நிற்கவோ அவர் இசைய வேண்டும். இவ்வுண்மையை ஆசியாவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அலைந்து கற்றவர் ஜான் தாம்சன் என்பார்.

தாம்சன் ஸ்காத்லாந்தின் எடின்பரோ நகரில் 1837 ஆம் ஆண்டு பிறந்தவர். அறிவியற் கருவிகள் செய்யும் தொழிலை இளமையிற் பயின்றார். 1862 ஆம் ஆண்டில் சிங்கப்பூரை அடைந்து, முன்பே அங்குக் குடியேறியிருந்த தமையனாருடன் சேர்ந்து நிழற்பட நிலையம் நடத்தினார். செல்வர்களை நாற்காலியில் அமர்த்திப் படம் எடுத்திருப்பின் வாழ்க்கை இனிது கழிந்திருக்கும். அவர் மனமோ அதில் நிலைகொள்ளவில்லை. பினாங்கு, சயாம், கம்போடியா, சீனம் என்று அவர் பயணம் நீண்டது. இடையில் ஒருமுறை தாயகம் சென்று மீண்டார்.

அவர் சுமந்த சுமையை எண்ணிப் பார்த்தல் நன்று. அக்காலத்தில் இன்றுள்ளது போன்ற படச்சுருள் கிடையாது. கண்ணாடித் தகடே உண்டு. தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைநீரை ஒரே சீராகப் பரவவிட வேண்டும். பிறகு இருட்டில் வைத்து அதனை வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் உலர்வதற்குள் கருவியிற் பொருத்திப் படம் எடுத்து, உடனே மீண்டும் இருட்டிற்குக் கொண்டுசென்று உருவத்தைத் தோன்றச் செய்யவேண்டும். இவையனைத்தும் சில நிமிடங்களுக்குள் முடிதல் வேண்டும். கொலோடியனில் ஈதர் கலந்திருத்தலின் வெப்பநாடுகளில் அது இன்னும் விரைவாக உலர்ந்துவிடும். ஆதலின் இருட்டுக் கூடாரம், மருந்துப் புட்டிகள், தூய நீர், கண்ணாடித் தகடுகள், முக்காலி ஆகிய எல்லாம் சுமையாட்களின் தோளில் உடன் சென்றன. தகட்டின் அளவே படத்தின் அளவாக அமைந்தமையால், பெரிய படம் வேண்டுவோர் பெரிய கருவியையே தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. மருந்துகளுள் ஒன்றாகிய பொட்டாசியம் சயனைடு கொடிய நஞ்சு. இத்தனை ஏற்பாட்டுடன் ஒருவர் சந்தையின் நடுவே வந்து நின்றால், அவர் வேடிக்கை பார்க்க வந்தவரா, வேடிக்கை காட்ட வந்தவரா என்று கூட்டத்தினர் ஐயுறுவது இயல்பே.

1865 ஆம் ஆண்டில் தாம்சன் சயாம் சென்றார். அந்நாட்டு மன்னர் மோங்குட் அவர்முன் படத்திற்கு அமர இசைந்தார். முதலில் வெண்ணிற ஆடையுடன் தோன்றி, முழந்தாளிட்டு வழிபடும் நிலையில் படம் எடுக்க முனைந்த மன்னர், திடீரென மனம் மாறி உள்ளே சென்றார். பிரெஞ்சுப் படைத்தலைவரைப் போன்ற உடையணிந்து திரும்பி வந்தார். உலகம் தம்மை எவ்வாறு காணவேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். அரசர்க்கு அவ்வுரிமை இருந்தது. இளவரசர் சூலலங்கரணின் குடுமி களையும் பெருவிழாவையும் தாம்சன் படமெடுத்தார். கைலாய மலைபோல் ஒரு செயற்கைக் குன்றம் அமைத்து நிகழ்த்தப்பெற்ற விழா அது. பின்னர் 1866 இல் காட்டுக் காய்ச்சலையும் பொருட்படுத்தாது கம்போடியாவின் அங்கோர் கோயில்களை அடைந்து படமெடுத்தார். அவை 1867 இல் நூலாக வெளிவந்தன. கற்கோபுரம் அசைவதில்லை, அதனிடம் இசைவு கேட்க வேண்டுவதுமில்லை.

சீனத்தில் நிலைமை வேறு. 1868 ஆம் ஆண்டு முதல் ஆங்காங்கைத் தம் இருப்பிடமாகக் கொண்டு, ஃபுச்சௌ, ஃபார்மோசா, யாங்சி ஆற்றின் மேற்பகுதி, பீக்கிங் எனப் பல இடங்களுக்கும் அவர் சென்றார். யாங்சிக் கரையிலுள்ள கியூக்கியாங்கில் அவர் எடுத்த தெருக்காட்சி ஒன்று புகழ் பெற்றது. சூப்பு விற்பவர், பிறர்க்குக் கடிதம் எழுதித் தருபவர், முடி திருத்துபவர், மரம் கடைபவர் ஆகிய நால்வகைத் தொழிலாளரும் அதில் அடுத்தடுத்துக் காணப்படுகின்றனர். உண்மையான தெருவில் இவ்வளவு ஒழுங்காக அவர்கள் அமைவரோ? அமையார். அவர்கள் நிறுத்தப்பட்டவர்கள். ஆயினும் அப்படத்தைப் பொய் என்று தள்ளுதல் பொருந்தாது. அவர்தம் கருவிகளும், தோட்சுமைகளும், உடையின் கிழிசல்களும் மெய்யானவை. ஒரு சில வினாடி மூச்சடக்கி நிற்க அவர்கள் ஒப்பினர் என்பதும் மெய்யே.

எல்லாரும் ஒப்பினர் அல்லர். மலையையும் பாறையையும் ஊடுருவிப் பார்க்கும் மாயக்கருவி அது என்றும், படத்தில் அகப்பட்டவரின் உயிர்ச்சாரத்தைக் கவர்ந்துவிடும் என்றும், அவர் சில ஆண்டுகளுக்குள் இறப்பது உறுதி என்றும் மக்கள் நம்பினர் எனத் தாம்சன் தம் நூலில் எழுதியுள்ளார். குழந்தைகளைப் படமெடுக்கப் பெற்றோர் விடவில்லை. ஆனால், முதுமையுற்ற பெற்றோரை மக்களே அழைத்து வந்து அக்கருவியின்முன் நிறுத்தினராம். அதற்கென அவர் கொடுத்த சிறு தொகை சவப்பெட்டி வாங்க உதவியிருக்கக்கூடும் என்கிறார் தாம்சன். நகைச்சுவையாகவே அவர் இதனைச் சொல்கின்றார். இறப்பைத் தரும் என்று தாம் கேட்டிருந்த கருவியின்முன், வீட்டாரின் பொருட்டு ஆடாமல் அசையாமல் அமர்ந்திருந்த முதியவரின் உள்ளத்தில் என்ன இருந்ததோ? அந்த நூல் அதைச் சொல்லவில்லை.

சௌச்சௌ நகரில் ஹான் ஆற்றின்மேல் பழமையான பாலம் ஒன்றுண்டு. 1171 ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கியது அது. பாலத்தின்மேலேயே கடைகள் இருந்தமையால் பாலமும் சந்தையும் ஒன்றாகவே விளங்கின. கூட்டம் சேருமுன் படமெடுத்துவிடலாம் என்று கருதித் தாம்சன் விடியற்காலையிலேயே கரையில் முக்காலியை நிறுத்தினார். கண்டவர்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்தனர். கல்லும் சேறும் பறந்தன. அவர் படத்தை எடுத்து முடித்து, முக்காலியையே படைக்கலமாக ஏந்திப் படகிற்குத் தப்பிச் சென்றார்.

அவர் துணிவு பாராட்டத்தக்கது. எனினும் கல்லெறிந்தோரை அறியாமை மிக்கோர் என்று ஒரு சொல்லால் ஒதுக்குதல் முறையன்று. போர்க்கப்பல்களின் வலிமையால் வெளிநாட்டார் துறைமுகங்களைத் திறப்பித்துக்கொண்ட காலம் அது. 1860 இல் பீக்கிங்கின் கோடை அரண்மனையை அயல்நாட்டுப் படைகள் கொள்ளையிட்டன. பின்பு ஆங்கிலப் படையினர் அதற்குத் தீவைத்தனர். அயலான் ஒருவன் ஊரின் பாலத்தைக் கருவிகொண்டு நோக்கினால் ஊரார் நடுங்குவதற்குக் காரணம் இருந்தது. தாம்சனோ படைவீரர் அல்லர். அதனை ஊரார்க்கு எடுத்துரைக்க அன்று யாருமில்லை.

1872 இல் அவர் தாயகம் திரும்பினார். அடுத்த இரண்டாண்டுகளில் இருநூறு படங்களுடன் சீன நாட்டையும் மக்களையும் காட்டும் நூல் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. அவர் மறைந்த 1921 ஆம் ஆண்டில் ஹென்றி வெல்கம் என்பார் வாங்கிய அறுநூறுக்கு மேற்பட்ட கண்ணாடித் தகடுகள் இலண்டனில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. 2009 இல் அவற்றினின்று பெரிதாக்கிய படங்கள் பீக்கிங்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. பெரிய தகடுகள் ஆதலின் முகத்தின் சுருக்கங்களும் கூடையின் பின்னல்களும் தெளிவாகத் தெரிகின்றன. அசைந்தவர்கள் மட்டும் புகைபோல மங்கிக் கிடக்கின்றனர். தாம்சன் படமெடுத்த இளவரசர் குங்கின் பெயர் நூலில் உள்ளது. கியூக்கியாங்கில் சூப்பு விற்றவரின் பெயர் அதில் இல்லை.