பெரிய கேம் வாங்கின கதை

எங்கட கோ-கார்ட் முதல்நாள் ஓடினபோது பின்னால ஓடிவந்த சின்னப் பெடியள் வளைவில அதை முந்திப்போட்டாங்கள். நேரான இடத்தில் ஓரளவு போகும். வளைவில் வேகம் குறைந்தால், திரும்ப எழும்புவதற்குள் ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்கலாம். அண்டைக்குப் பின்னேரமே நாங்கள் நாலுபேரும் தீர்ப்புச் சொல்லிவிட்டோம்: எஞ்சினுக்குப் பலம் காணாது, கேம் ஷாஃப்டை மாத்தவேணும். அது எவ்வளவு பிழையான தீர்ப்பு எண்டு விளங்குவதற்கு மூன்று மாதமும், டியூசன் குடுத்துச் சேர்த்த காசும், ஒருத்தனின் மணிக்கட்டும் செலவாச்சு.

எஞ்சின் எங்கட இல்லை. எங்களில் ஒருத்தனின் அப்பா தோட்டத்தில் வைத்திருந்த பழைய இறைப்பு மெசின், ஹொண்டா ஜிஎக்ஸ் 160. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் வருசக்கணக்காகத் தண்ணி இறைச்சது. கிணத்தடிக்குக் கரண்ட் மோட்டர் வந்தபிறகு கொட்டிலுக்குப் போனது. 2022இல் மணித்தியாலக்கணக்கில் கரண்ட் நிண்டபோது, வரிசையில் நிண்டு வாங்கின எண்ணெயை ஊத்திப் பயிரைக் காப்பாத்தினதும் அதுதான். அதால அவர் ஒரே ஒரு நிபந்தனையோட தந்தார்: "ஓடுங்கோ தம்பியவை. ஆனா கரண்ட் நிண்டா இது திரும்பக் கிணத்தடிக்கு வரவேணும்."

கேம் ஷாஃப்ட் செய்வது சின்ன வேலைதான். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு தரம் சுத்தினால் இது ஒருதரம் சுத்தும். சுத்தும்போது அதிலுள்ள மேடுகள் வால்வுகளைத் தள்ளித் திறக்கும். மேடு எவ்வளவு உயரம் எண்டதைப் பொறுத்து வால்வு எவ்வளவு திறக்கும், எவ்வளவு அகலம் எண்டதைப் பொறுத்து எவ்வளவு நேரம் திறந்திருக்கும். உயரத்தை மில்லிமீற்றரிலும் நேரத்தைப் பாகையிலும் சொல்லுவார்கள்.

நாங்கள் கைபேசியில் பட்டியலைத் திறந்து, பாகை ஆகக்கூடினதைத் தெரிவு செய்தோம். சந்தையில் மீன் வாங்குகிற புத்தி. பாகையை எங்கேயிருந்து அளந்தது எண்டுகூடப் பார்க்கவில்லை. வால்வு அசையத் தொடங்குகிற இடத்திலிருந்து அளக்கலாம், 1.27 மில்லிமீற்றர் தூக்கினபிறகும் அளக்கலாம். ஒரே கேமுக்கே இரண்டு முறையிலும் வேறுவேறு எண் வரும். ஒரே முறையில் அளந்ததைத்தான் ஒப்பிடவேணும்.

பார்சல் வந்தது, பூட்டினோம், கயிறை இழுத்தோம். மெசின் கயிறைத் திருப்பி இழுத்தது. பழைய கேமில் ஒரு குட்டி எடை இருக்கும். ஸ்டார்ட் பண்ணும்போது அது வெளியேற்று வால்வைத் துளி திறந்து அமுக்கத்தைக் குறைக்கும். நாங்கள் வாங்கின கேமில் அது இல்லை. மணிக்கட்டு வீங்கினவன் இண்டைக்கும் அந்தக் கயிறைத் தொடமாட்டான்.

ஒருமாதிரி ஸ்டார்ட் வந்தபிறகும் இருமிக்கொண்டு நிண்டது. வளைவில் முந்தினதைவிட மோசம். காரணம் அந்தப் பாகைதான். வால்வு கனநேரம் திறந்திருந்தால், பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கின பிறகும் உள்ளிழு வால்வு மூடாது. எஞ்சின் மெதுவாகச் சுத்தும்போது, உள்ளே வந்த கலவையைப் பிஸ்டன் வந்த வழியாலேயே தள்ளிவிடும். வேகமாகச் சுத்தும்போது மட்டும், கலவை தன்ர உந்துதலிலேயே தொடர்ந்து உள்ளே ஏறும். பெரிய கேம் பலத்தைச் சும்மா கூட்டித் தராது. கீழே இருந்து எடுத்து மேலே வைக்கும். எங்கட கிளச் பிடிப்பது ஏறக்குறைய 2,000 சுற்றில். கவர்னர் நிப்பாட்டுவது 3,600க்குக் கிட்ட. எங்கட கேம் நித்திரையால எழும்புவது அதுக்கும் மேலே!

"கவர்னரைக் கழட்டு மச்சான்" எண்டான் ஒருத்தன். இரண்டுபேர் தலையாட்டினம். கராஜ் அண்ணையிட்டக் கேட்டோம். அவர் திட்டவில்லை, கணக்குச் சொன்னார். சுற்று இரண்டு மடங்கானால் கனெக்ரிங் ரொட்டை இழுக்கிற விசை நாலு மடங்கு. அந்த ரொட் அலுமினியம். அதுக்கு ஒயில் பம்பு இல்லை. அடியிலுள்ள சின்னக் கரண்டி ஒயிலைச் சிலாவியடிப்பதுதான் மசகு. பழைய வால்வு ஸ்பிரிங் அந்த வேகத்தில் வால்வை நேரத்துக்கு மூடாது. பிளைவீல் வெடிச்சால் துண்டுகள் காலுக்குத்தான் வரும். "கவர்னரைக் கழட்டுறதெண்டால் முதல் ரொட், பிளைவீல், ஸ்பிரிங் மூண்டையும் மாத்துங்கோ. கேம் கடைசி."

அண்டிரவு நாங்கள் நல்லாச் சண்டை பிடித்தோம். காசு போட்டவனுக்குக் காசுக் கவலை. வேகம் வேணும் எண்டவனுக்கு எங்களில் கோபம். மெசின்காரனின் மகன் மட்டும் ஒண்டும் பேசவில்லை. கடைசியில் அவன் கேட்டது ஒரு கேள்விதான்: "ரொட் முறிஞ்சால் அப்பாட்ட ஆர் போய்ச் சொல்லுறது?" ஒருத்தரும் கை தூக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பழைய கேமைத் திரும்பப் பூட்டினோம். இரண்டு பல்சக்கரங்களின் புள்ளிகளையும் நேருக்கு நேர் வைத்து, உள்ளிழு வால்வுக்கு 0.15, வெளியேற்று வால்வுக்கு 0.20 மில்லிமீற்றர் இடைவெளி விட்டோம். பிறகு பின் அச்சிலுள்ள செயின் பல்சக்கரத்தைக் கூடின பற்கள் உள்ளதாக மாத்தினோம். நேரில் வேகம் கொஞ்சம் குறைஞ்சது. ஆனால் வளைவிலிருந்து கார்ட் துள்ளிக்கொண்டு வெளிக்கிட்டது. பெடியள் பின்னால நிண்டிட்டாங்கள்.

இப்ப ஆராவது கேம் பற்றிக் கேட்டால் நாங்கள் திருப்பிக் கேட்பது: உங்கட ஓட்டத்தில் எஞ்சின் கூட நேரம் எத்தனை சுற்றில் நிக்குது? கிளச் எங்கே பிடிக்குது? உள்ளே இருக்கிற ரொட் எவ்வளவைத் தாங்கும்? மூன்றுக்கும் பதில் இருந்தால் கேம் தானாத் தெரியும். சின்ன வளைவுகள் கூடின இடம் எண்டால், பாகையை அதிகம் கூட்டாமல் உயரத்தைக் கொஞ்சம் கூட்டின கேம் போதும். அப்பவும் ஸ்பிரிங் முழுக்க நசிபடாமல் இருக்குதா, வால்வு பிஸ்டனில் முட்டாமல் இருக்குதா எண்டு கையால் மெதுவாகச் சுத்திப் பார்த்துத்தான் மூடவேணும்.

பெரிய கேம் ஒயில் துணியில் சுத்தின மாதிரியே அலுமாரியில் கிடக்குது. எங்கட எண்டு சொல்ல ஒரு பழைய எஞ்சின் எப்பவாவது வாங்கினால் பார்ப்போம். போன மாதம் இரண்டு நாள் கரண்ட் நிண்டது. கார்ட்டிலிருந்து மெசினைக் கழட்டி, நாலுபேரும் தூக்கிக்கொண்டு கிணத்தடிக்குப் போனோம். அப்பா ஒரே இழுவையில் ஸ்டார்ட் பண்ணினார்.