வடிமடை

மருந்து அடிக்கிற நாளில், டேங்கைத் தோளில் மாட்டுமுன் வடிமடையைப் போய்ப் பார்த்துவிடுவேன். களிமண் வைத்து மிதித்திருக்கிறதா, வரப்பில் நண்டு வளை உண்டா என்று ஒரு சுற்று. முப்பது வருஷமாகக் காவிரிப் பாசனத்தில் நெல் செய்கிறேன். இந்தச் சுற்றை ஒரு குறுவைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

குருத்துப்பூச்சிக்காக ஒரு சாயங்காலம் கார்போஃபியூரான் குருணை வீசினேன். மடையை அடைத்தேன், வளையைப் பார்க்கவில்லை. ராத்திரி நல்ல மழை. விடிந்து போனால் வடிகாலில் அயிரையும் கெண்டையும் வயிறு வெளுத்து மிதக்கின்றன. பக்கத்திலேயே ஒரு மடையான், இறக்கை விரித்தபடி சேற்றில் கிடந்தது. அதைக் கையில் எடுத்துப் புதைத்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்த மருந்து ஒரு லிட்டர் தண்ணீரில் 300 மில்லிகிராமுக்கு மேல் கரையும். கரைவதால்தான் வேர் அதை உறிஞ்சுகிறது. கரைந்ததால்தான் வளை வழியாகவும் வெளியேறியது.

2011-இல் உச்ச நீதிமன்றம் தடைசெய்த எண்டோசல்பான் வேறு ரகம். அது மண்ணைப் பற்றிக்கொள்ளும், கலங்கல் தண்ணீரில் வண்டலோடு போகும். வண்டலை நிறுத்தத்தான் வடிகால் பக்கத்து வரப்பில் அருகம்புல்லைச் செதுக்க விடமாட்டேன்.

காற்றோடு போவது கண்ணில் படாது. துளியின் விட்டம் பாதியானால் ஒன்று எட்டாகிவிடும். 100 மைக்ரான் துளி ஒரு மீட்டர் இறங்க நாலு விநாடி போதும். 20 மைக்ரான் துளிக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அது யார் வீட்டுக் கொல்லைக்கும் போய்ச் சேரலாம். அழுத்தம் ஏற ஏறத் துளி பொடியாகும் என்பதால் பம்பை நிதானமாக அடிக்கச் சொல்வேன். இலை ஆடாத விடியற்காலைதான் நல்லது என்பார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. தரையோரம் காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பாக இருக்கும் அந்நேரத்தில் பொடித்துளி பனிமூட்டம் போலத் தொங்கி நிற்கும். பிறகு எங்கே போய் இறங்கும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் வெயில் ஏறி, இளங்காற்று ஒரே திசையில் வரட்டும் என்று காத்திருப்பேன். டேங்க் கழுவிய தண்ணீரையும் வயலிலேயே தெளித்துவிடுவேன், வாய்க்காலில் கொட்டுவதில்லை.

வாய்க்காலை ஒட்டி நாலு முழத்துக்கு மருந்தே கிடையாது. “அதுல புகையான் எறங்கினா என்னப்பா செய்வே?” என்று மகன் கேட்டான். போன சம்பாவில் இறங்கியது. அந்த ஓரத்தில் ஒரு மூட்டை குறைந்தது. இந்த வருஷமும் நாலு முழம் விட்டிருக்கிறேன்.