நரம்பின் மறுமுனை

சங்கப் புலவர்கள் சிலருடைய இயற்பெயர் நம்மை வந்தடையவில்லை. அவர்கள் சொன்ன உவமையே அவர்களுக்குப் பெயராயிற்று. குறுந்தொகையின் 54-ஆம் பாடலைப் பாடியவரை மீனெறி தூண்டிலார் என்று குறிக்கிறோம். யானை வளைத்துத் தின்றுகொண்டிருந்த பசுமூங்கில், தினைப்புனம் காப்போரின் கவண் ஒலிக்கு அஞ்சி அது கைவிட்ட நொடியில் விசையோடு மேலெழுகிறது. மீனைக் கவ்வி எழும் தூண்டிலைப்போல எழுகிறது என்பது அவர் காட்டும் காட்சி. பேசுபவள் குறிஞ்சி நிலத் தலைவி. உவமையோ நீர்க்கரையிலிருந்து வந்திருக்கிறது. பல ஆண்டுகளாக இப்பாடலை வகுப்பில் நடத்தி வருகிறேன். பற்றப்பட்டுப் பின் கைவிடப்பட்டவளின் நிலை அந்த மூங்கிலில் இருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அந்த விசை எத்தகையது என்பதை என் உள்ளங்கை அறிந்துகொண்டது ஆற்றங்கரையில்.

ஆற்றங்கரை என்பது ஓர் ஊரின் பெயர். ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் போகும் வழியில் வடக்கே பிரிந்து, அழகன்குளத்தைக் கடந்தால் வரும். வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் நடந்து வரும் வைகை, பாக் நீரிணையில் கலக்கும் இடம் அது. கலக்கும் இடம் என்று வரைபடம் சொல்கிறது. பெரும்பாலான ஆண்டுகளில் ஆறு ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். பெருமழைக் காலத்து உபரி மட்டுமே கடலைக் காணும். ஆனால் இதே முகத்துவாரத்தை அடுத்த அழகன்குளத்தில் ரோமானிய மட்பாண்டங்களும், கப்பல் உருவம் கீறிய பானையோடும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. கடலோடிகள் தேடி வந்த ஆற்றுவாய் ஒன்று இங்கே இருந்தது.

இப்பகுதி மக்கள் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் சொல்வர். பெண்கடல் ஆழமற்றது, பெரும்பாலும் அலையடங்கியது. அந்த அமைதியான நீரின் விளிம்பில், சேறும் உப்பும் கலக்கும் கழியில்தான் கொடுவா உலவுகிறது. வங்கத்தில் பெட்கி என்றும் ஆஸ்திரேலியாவில் பாரமண்டி என்றும் பெயர் பெற்ற அதே மீன். இதன் வாழ்க்கை விசித்திரமானது. முகத்துவாரத்தை ஒட்டிய உவர்நீரில் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, வழி கிடைத்தால் ஆற்றிலும் குளத்திலும் ஏறி நன்னீரில் வளரும். முதிர்ந்ததும் இனப்பெருக்கத்திற்காகக் கடலை நோக்கித் திரும்பும். முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறும். பெரிய கொடுவாக்கள் ஏறத்தாழ எல்லாமே தாய்கள்.

பசிபிக் கரையின் வட அமெரிக்க ஆறுகளில் ஸ்டீல்ஹெட் என்றொரு மீன் உண்டு. அது இதற்கு நேரெதிர்: ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே மீள்கிறது. அதைத் தேடிக் குளிர்நீரில் இடுப்பளவு இறங்கி, நாள் முழுதும் ஒரு கடிக்காகக் காத்து நிற்பவர்கள் எழுதியவற்றை விரும்பிப் படித்திருக்கிறேன். அந்தப் பித்து எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. கழியில் முழங்காலளவு சேற்றில் நிற்பவனுக்கும் அதே பித்துதான்.

எனக்கு இதைக் கற்பித்தவர் எழுபதைக் கடந்த ஒரு பெரியவர். தூண்டில் கம்பும் ரீலும் அவருக்கு வேடிக்கைப் பொருள்கள். ஒரு கட்டையில் சுற்றிய நரம்பு, ஓர் ஈயக்குண்டு, முள், உயிருள்ள மடவைக் குஞ்சு: அவ்வளவே கைத்தூண்டில். "நரம்பைக் கையில சுத்தாதீங்க வாத்தியாரே, விரல் போயிரும்" என்பது முதற்பாடம். "சின்ன மீன் கொத்தும், கொடுவா அடிக்கும்" என்பது இரண்டாம் பாடம். மூன்றாம் பாடத்தை அவர் சொல்லவில்லை. பேசாமல் நிற்கப் பழகுவது அது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின், கழிநீர் கலங்கி உப்புக் குறைந்திருக்கும் இரவுகளில், நீர் ஏறத் தொடங்கும் வேளையில் நிற்போம். நரம்பு ஆள்காட்டி விரலின் மேல் கிடக்கும். கடலின் இழுப்பு, மடவையின் துடிப்பு, மிதந்து வரும் பாசியின் உரசல் எல்லாம் அந்த ஒரு விரல்வழியே வந்து சேரும். உடல் முழுவதும் சுருங்கி ஒரு விரலாகிவிடும்.

பிறகு அது நிகழும். அடி விழுந்த கணத்தில் சிந்தனைக்கு இடமில்லை. நரம்பு கையை அறுத்துக்கொண்டு ஓடும். விட வேண்டும், ஆனால் தளரவிடக் கூடாது. திடீரென்று இழுப்பு அற்றுப்போகும். நெஞ்சு நின்றுபோன அந்த இடைவெளியில், இருளில் மீன் நீரைக் கிழித்து எழும்பித் தலையை உதறும் ஓசை கேட்கும். முள்ளைத் துப்ப அது செய்யும் வேலை அது. அதன் செவுள் மூடியின் விளிம்பு கத்தி போன்றது. நரம்பு அதில் பட்டால் அத்தோடு முடிந்தது. தேய்ந்த கயிற்றை இரு யானைகள் இருபுறமும் பற்றி இழுப்பதைப் பாடித் தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று பெயர் பெற்ற நற்றிணைப் புலவர், இந்த இரண்டு நிமிடங்களை அறிந்திருப்பார் என்று தோன்றும். மறுமுனையில் ஓர் உயிர் தன் முழு வலிமையாலும் 'இல்லை' என்று சொல்கிறது. அதை என் கை கேட்கிறது. பரவசம் என்று நான் சொல்வது இதைத்தான்.

பரவசத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியவில்லை. வள்ளுவர் சூது அதிகாரத்தின் முதற்குறளில் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனைக் கொண்டு சூதாடி பெறும் வெற்றியை விளக்குகிறார். அவர் நிற்பது மீனின் பக்கம். என் மாதச் சம்பளம் மீனை நம்பியதன்று. பக்கத்தில் நிற்பவருக்கோ அன்றைய இரவின் மீன் மறுநாளின் அரிசி. ஆகவே பிடிபடுவதெல்லாம் அவருக்கே என்பது எங்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட ஏற்பாடு. முழங்கை நீளத்துக்குக் குறைந்ததை அவரே நீரில் விட்டுவிடுவார். "வளரட்டும்" என்பார். ஸ்டீல்ஹெட் பிடிப்போர் செய்வது வேறு. அங்கே பல ஆறுகளில், பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளின் முதுகின் பின்புறக் கொழுப்புத் துடுப்பை வெட்டி அடையாளமிட்டு விடுகிறார்கள். துடுப்பு முழுமையாக இருந்தால் அது காட்டு மீன்; எவ்வளவு பெரியதானாலும் திரும்ப விட்டாக வேண்டும்.

ஒரு தை மாத இரவில் என் நரம்பில் ஏறக்குறைய கையளவு நீளமுள்ள கொடுவா வந்தது. டார்ச் ஒளியில் அதன் கண் தணல்போல் எரிந்தது. தாய் மீன், இலட்சக்கணக்கில் முட்டையிடக் கூடியது. அவரிடம் அதைச் சொன்னேன். அவர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெரியும் வாத்தியாரே. முன்னே கண்மாய் கலுங்கு பாஞ்சா குஞ்சு மேல ஏறும். இப்பத் தண்ணியே வரலையே, இது போட்டு என்ன, போடாட்டி என்ன?" என்றார். மீன் கூடைக்குப் போயிற்று. அதன் விலை அவர் வீட்டுக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானது. நான் மேலே எதுவும் பேசவில்லை.

பேச என்னிடம் சொல் இருந்ததா என்று பிறகு யோசித்தேன். அமெரிக்காவின் எல்வா ஆற்றில் 2011 முதல் 2014 வரை இரண்டு அணைகளை அகற்றினார்கள். ஸ்டீல்ஹெட் மேலேறித் திரும்பியது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையைப் பற்றி அப்படி எவரும் பேச முடியாது. மதுரையின் குடிநீரும் வழிநெடுக வயல்களும் அதை நம்பியுள்ளன. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-இல் கொடுவாவைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யவைத்தது. பண்ணைக் குளங்களில் இன்று கொடுவா வளர்கிறது. தட்டுக்கு மீன் வந்துசேரும். ஆனால் ஆற்றில் ஏறத் தெரிந்த மீன் என்பது வேறு ஓர் உயிர். அதற்கு வேண்டியது, பருவமழை நன்கு பெய்த ஆண்டிலாவது கண்மாய்க்கும் கடலுக்கும் இடையில் அடைபடாத ஒரு வாய்க்கால். கருவேலமும் மணலும் மூடிய அந்தக் கடைசிச் சில மைல்களைத் திறந்து வைப்பது எவருடைய குடிநீரையும் பறிக்காது. கடலில் கலக்கும் நீரை வீண் என்று எண்ணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கழிமுகத்தில் ஓர் இரவு நின்றவர் அப்படிச் சொல்லத் தயங்குவார்.

பெரியவர் இப்போதும் மடவைக் குஞ்சுகளைப் பானையில் உயிரோடு வைத்துக் காத்திருக்கிறார். நானும் போகிறேன். நரம்பு விரலில் கிடக்கையில், மறுமுனையில் இன்னும் ஏதோ இருக்கிறது என்ற நம்பிக்கைதான் இருவரையும் அங்கே நிறுத்துகிறது.